கணக்குப்பதிவியல் அலமாரி

கிச்சிப்பாளையத்தில் எங்கள் கிளை நூலகத்துக்கு
ஏப்ரல் கடைசியில் யாரும் புத்தகத்துக்காக வருவதில்லை.
தார் இளகும் மதியத்தில்
அந்தத் தெருவில் ஓசியாகச் சுற்றுகிற ஒரே ஃபேன்
எங்களுடையது.

நவ்ஃபலும் அதற்காகத்தான் வந்தான்.
ஏழு முடித்து எட்டு.
காலையில் மண்டியில் அப்பாவுக்கு
மாங்காய்க் கூடை எண்ணிக் கொடுத்துவிட்டு
முழங்கையில் வைக்கோல் துணுக்கோடு.
சும்மா உட்காரக் கூடாது என்று பலகை சொல்வதால்
கைக்கு அகப்பட்டதை விரித்துக்கொண்டான்,
தலைகீழாக.
பார்த்தேன். சொல்லவில்லை.

மூன்றாம் நாள் புத்தகம் நேராக இருந்தது.

ஐந்தாம் நாள் கரண்ட் போனது.
நாளிதழ்க்காரர்கள் மடித்து வைத்துவிட்டு எழுந்தார்கள்.
குரூப் ஃபோருக்குப் படிக்கிற பெண்கள்
கைடாலேயே விசிறிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார்கள்.
நாற்காலி ஒன்று ஜன்னல் பக்கம் இழுபடுகிற சத்தம்.
அவன்தான்.
மூக்கு நுனி வியர்வை பக்கத்தில் சொட்ட
சட்டை முனையால் ஒற்றிவிட்டுத் திருப்பினான்.
அட்டையில் ஒரு கப்பல்.
கடலே இல்லாத ஊரில்
யாரோ மூழ்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

உறுப்பினர் ஆக ஒரு கையெழுத்தும் கொஞ்சம் பணமும் தேவை.
"அப்பாகிட்டக் கேட்டுச் சொல்றங்க்கா."
சீசன் முடியாமல் அப்பாவிடம் எதையும் கேட்க முடியாது,
அது எனக்கும் தெரியும் அவனுக்கும் தெரியும்.
பூட்டுகிற நேரம்.
கணக்குப்பதிவியல் அலமாரியின் அடி வரிசையில்
ஐந்தொகைக்குப் பின்னால்
கப்பலை ஒளித்து வைத்துக்கொண்டிருந்தான்.
நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து
ஒருவரும் தொடாத அலமாரி.
விதிப்படி எடுத்து அதனிடத்தில் வைத்திருக்க வேண்டும்.
வைக்கவில்லை.
மேலதிகாரிகள் கவிதை படிப்பதில்லை, அதனால் சொல்கிறேன்.

மே பத்துக்குள் அங்கே இன்னும் நான்கு.
ஒன்றில் அடையாளத்துக்கு, கொலுசு பொதிகிற ரோஸ் தாள்.
ஒன்றில் தட்டுவடை செட்டின் பீட்ரூட் கறை,
விரலைச் சூப்பிவிட்டுத் திருப்பியிருந்தால் இவ்வளவு வந்திருக்காது.
யார் யாருக்குச் சொன்னார்களோ.
ஒரு சிறுமி நேராகவே வந்து கேட்டாள்:
"கணக்கு ரேக்குல இருக்கற பேய்க்கதைய
யாரும் எடுத்துடலைல்ல?"
பெயர் கேட்கவில்லை.
கேட்டால் பதிவேட்டில் எழுத வேண்டிவரும்.

ஏழாங்கிளாஸ், எட்டாங்கிளாஸ்காரர்களே,
உங்களுக்குச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை.
ஃபேனுக்கு வாருங்கள்.
ரேஷன் வரிசையில் நிறுத்திவிடுவார்களென்று தப்பித்து வாருங்கள்.
தலைகீழாகவே பிடியுங்கள்.
பிடிக்காவிட்டால் பன்னிரண்டாம் பக்கத்தில் விட்டுவிட்டுப் போங்கள்,
புத்தகம் அழாது.
கதையின் நீதி என்ன என்று இங்கே கேட்க மாட்டோம்.
பாதிக்கு மேல் எனக்கே தெரியாது.

பள்ளி திறந்தது.
அடி வரிசை காலியாகியிருந்தது.
முடித்ததை முடித்தவர்களே
எண் தப்பி, இடம் தப்பி, எங்கெங்கோ செருகியிருந்தார்கள்.
கப்பல் சமையல் குறிப்புகளுக்கு நடுவில்.
திட்டிக்கொண்டே அடுக்கினேன்.

ஒன்று மட்டும் மீதி, பேய்க்கதை.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்த பஸ் டிக்கெட்.
ஊரே வெயிலுக்குப் பயந்து மலையேறும் மாதத்தில்
ஒருத்தி கீழே வந்திருக்கிறாள்,
சித்தி வீட்டுக்கோ மாமா வீட்டுக்கோ.
ஸ்கூலுக்கென்று அவசரமாய்த் திரும்ப ஏற்றியிருப்பார்கள்.
இருபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே எங்கோ,
நடுராத்திரியில் அந்தக் கதவைத் தட்டியது யாரென்று
இன்னும் தெரியாமல் இருக்கிறாள்.

நான் மீதியைப் படித்துவிட்டேன்.
சொல்ல மாட்டேன்.
டிக்கெட் அதே பக்கத்தில்,
புத்தகம் ஐந்தொகைக்குப் பின்னால்.
காலாண்டு லீவில் வா.