முன்னுக்குப் பதினைந்து, பின்னுக்கு இருபத்தாறு

டர்பனில், உம்கேனி ரோட்டில், ஒரு கார்க் கடையில்
கணக்கு எழுதினேன்.
இடப்பக்கம் வந்த வண்டி. வலப்பக்கம் போன வண்டி.
வலப்பக்கம் முழுக்க வேலியண்ட்.

அமெரிக்காவில் இதற்குச் சின்னக் கார் என்று பெயராம்.
விளம்பரத்தாளைப் படித்துவிட்டு பூபாலன் மூட்லி
தொடையில் தட்டிச் சிரித்தார்:
"சின்னதா? எங்க அடுப்படியைவிட நீளம்!"
அறுபத்தொன்றாம் வருட மாடலின் பின்மூடியில்
ஒரு வட்டம் அழுத்தியிருக்கும்,
உள்ளே உபரிச் சக்கரம் நிமிர்ந்து நிற்பதாகப் பாவனை.
கக்கூஸ் மூடி என்றார்கள் பார்த்தவர்கள் எல்லாரும்.
சொல்லிக்கொண்டே வாங்கினார்கள்.
எஞ்சினும் நேராக நிற்காது,
தெருவில் கடன்காரனைக் கண்டவன் மாதிரி
ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.
"எண்ணெய் மாற்ற மறந்தாலும் மன்னிக்கும்,"
மெக்கானிக் ம்தெத்வாவின் நற்சான்று.

கேட்டோ மேனரைக் காலி செய்து
ஆட்களை சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பிய வருடங்கள் அவை.
நடந்து போன சந்தை இப்போது இரண்டு பஸ் தூரம்.
கிஸ்தன்சாமி ஒன்பது பேரோடு வந்தார்,
ஒன்பது பேரையும் உள்ளே ஏற்றினார்,
நான்கு கதவும் மூடுகிறதா என்று பார்த்தார்,
கையெழுத்துப் போட்டார்.
அந்தப் பணம் இடித்த வீட்டுக்குக் கிடைத்த ஈடு.
நான் எழுதவில்லை. அதற்குப் பத்தி இல்லை.

முன்பக்கக் கண்ணாடி அறையில்
டை கட்டிய வெள்ளைக்காரர் இருவர் விற்றார்கள்.
பூபாலனுக்குப் பின்முற்றம்.
மாதக் கடைசியில் கூட்டிப் பார்ப்பேன்,
கடையைத் தள்ளியது பின்முற்றம்தான்.

கோர்வேருக்கும் எஞ்சின் பின்னால்.
பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் முன்மூடியைத் தூக்கினார்,
வெறும் குழி.
"எஞ்சினைத் திருடிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு
வேலியண்ட் பக்கம் போய்விட்டார்.
அழகில் குறை சொல்ல முடியாது,
சுற்றிலும் ஒரே கோடு, நடுவில் திமில் இல்லாத தரை.
அழகுக்காக யாரும் தவணை கட்டுவதில்லை.

கடைசியில் பாஸ்டர் தேவநேசன் எடுத்தார்.
சக்கரத்துக்கு முன்னால் பதினைந்து, பின்னால் இருபத்தாறு,
காற்று அப்படித்தான் இருக்க வேண்டும் என்று
ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தேன்.
துண்டுத்தாள் வேத புத்தகத்துக்குள் போனது.
பெட்ரோல் பங்க் பையன் நல்லவன்,
பாரபட்சம் பார்க்காமல்
நான்குக்கும் இருபத்துநான்கு அடித்துவிட்டான்.
சிடென்ஹாமில், மழையில், ஒரு வளைவில்
பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்த்தது.
யாரோ ஒருவரின் லிச்சி வேலியில் போய் உட்கார்ந்தார்கள்.
காயமில்லை. பாஸ்டருக்குக் கோபம் மட்டும்.
இடப்பக்கத்தில் மறுபடி எழுதினேன்:
கோர்வேர், பச்சை, ஒன்று.

இரண்டு வருடம் சுவரோரம் நின்றது.
காவல்காரர் அதற்குள் தூங்கினார்.
விலையை மூன்று முறை அடித்து எழுதினேன்,
மூன்றாவது எண் என் சம்பளத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

"உனக்கெதுக்கும்மா?
வேலியண்ட் எடு, நாளைக்கு விற்றாலும் விலை போகும்,"
என்றார் பூபாலன்.
அவர் சொன்னது சரி.
நான் விற்பதற்கு வாங்கவில்லை,
எதற்கு வாங்கினேன் என்று கேட்டால்
இன்றைக்கும் நேரான பதில் இல்லை.
அந்த முன்குழியில் என் தையல் மெஷின்
அளவெடுத்த மாதிரி பொருந்தியது, அது ஒன்று.

கைப்பையில் சீப்பு, பாஸ்புக், காற்றழுத்தமானி.
பங்கில் இறங்கி நானே குனிந்து அளப்பேன்.
"முன்னால் குறைச்சலா இருக்கே சிஸ்டர்?"
"அப்படியே இருக்கட்டும்."
"பஞ்சர்னு நினைப்பாங்க."
"நினைக்கட்டும்."

பெரியா மேட்டில் மழை பிடித்தால்
அடிவயிறு இன்னும் லேசாக இறுகும்.
வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுவேன்,
நடுவில் பிரேக்கைத் தொடமாட்டேன்.
பின்னால் வரும் வேலியண்டுகள் ஹார்ன் அடிக்கும்.
அவற்றில் பாதிக்கு
இன்ஜின் நம்பர் எனக்கு மனப்பாடம்.