ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு

கார்புரேட்டர் என்றாய், வார்த்கெஸ்.
கழற்றிக் கழுவினேன்.
பெட்ரோலில் தண்ணீர் என்றாய்.
வடிகட்டி மாற்றினேன்.
பிறகு, விற்றுவிடு என்றாய்,
செத்தவர் வீட்டுப் பாத்திரங்களை எண்ணுபவன்போல்
வண்டியைச் சுற்றி வந்தபடி.

கியும்ரியில் மூட்டம் இறங்கும் விடியல்களில் மட்டும்
இந்த லாடாவுக்கு விக்கல்.
வெயில் ஏறினால் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும்.
பின்சீட்டில் நானூறு லவாஷ்,
துணிக்குள் ஆறிக்கொண்டிருக்கும்,
கடைக்காரர்கள் கதவில் நின்று கடிகாரம் பார்ப்பார்கள்.

நேற்று முன்னிரவிலேயே மூட்டம் முற்றத்துக்கு வந்துவிட்டது.
நானே திறந்தேன்.
பிளக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து
எது எந்தச் சிலிண்டருடையது என்று மாறாமல்
முட்டை அட்டையில் நிறுத்தினேன்.
முதலாவது, நன்றாக வெந்த ரொட்டியின் அடிப்பக்க நிறம்.
இரண்டாவதும் நான்காவதும் அப்படியே.
மூன்றாவது மட்டும்
கரி அப்பி, பெட்ரோலில் நனைந்து,
அழுதுவிட்டு வந்து கதவைத் திறப்பவளின் முகம்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கவிழ்த்துத் துடைத்தேன். விரிசல் இல்லை.
பாயிண்டுகளில் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் குழி.
நகம் தேய்க்கும் அரத்தால் மட்டமாக்கி,
கேஜ் தகடு உரசியும் உரசாமலும் போகும்வரை
இடைவெளி வைத்தேன்:
பூஜ்யம் புள்ளி நான்கு மில்லிமீட்டர்.
உன் ஒரு பேச்சுக்கும் அடுத்த பேச்சுக்கும் நடுவே
எனக்கு ஒருநாளும் கிடைக்காத அளவு.

எல்லாம் மாட்டி, சாவியைத் திருகினேன்.
ஒன்று,
            நான்கு, இரண்டு.
ஒன்று,
            நான்கு, இரண்டு.
இருட்டில் இறங்கும்போது
ஒரு படி இல்லாத படிக்கட்டு.

அப்போதுதான் தெருவே அணைந்தது.
மேல்மாடியிலிருந்து ஹ்மாயாக்
மின்சாரக் கம்பெனியின் ஏழு தலைமுறையை
வரிசையாகக் கூப்பிட்டார்.
டார்ச்சுக்கு நீட்டிய என் கை
பாதியில் நின்றது.

மூன்றாவது வயரின் வளைவில்
நீலமாக ஒரு பூரான்
இரும்பை நோக்கித் துள்ளுகிறது.
டிக். டிக். டிக்.
உள்ளே போய் வெடிக்கவேண்டியது
வெளியே ஈரக்காற்றில்
என்னவோ திருவிழாபோல்.
எத்தனை பகல் இதன்மேல்
மூக்கு உரசக் குனிந்திருக்கிறேன்!

தொடவில்லை. தொடத் தோன்றியது.
அணைத்துவிட்டு, மாவுப் பையில் விரலை முக்கி
அந்த இடத்தில் ஒற்றினேன்.
விளக்கு வந்தது.
கறுப்பு வயரில் ஒரு வெள்ளைப் பொட்டு.
வளைத்துப் பிடித்தபோதுதான் வாய் திறந்தது,
இமைமயிர் அளவு வெடிப்பு.

ஹ்மாயாக்கின் ஓடாத மாஸ்க்விச்சிலிருந்து ஒரு வயர்.
ஈஸ்டர் வரை வாரம் ஆறு லவாஷ் கேட்டார்.
நான்கில் நிறுத்தினேன்.

காலை நாலரை.
தெருமுனை இருந்த இடத்தில் பால்.
உன் ஜன்னலுக்குக் கீழே
வேண்டுமென்றேதான் நிறுத்தினேன், வார்த்கெஸ்,
அணைக்காமல்.
ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு.
ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு.
நீ திரையை விலக்குவதற்குள்
முதல் கடைக்கு நேரமாகிவிட்டது.

காயிலில் கை வைத்தால் சுடுகிறது,
கொஞ்சம் அதிகமாகவே.
அதை உன்னிடம் சொல்வதாக இல்லை.