விகிதப்படி அல்ல

தண்டர் பே. பிப்ரவரி. மைனஸ் முப்பத்தொன்று.
வக்கீல் அனுப்பிய பாகப் பட்டியலில்
வீட்டுக்கு ஒரு வரி, காருக்கு ஒரு வரி,
கப்பல்களுக்கு நான்கு பக்கம்.

மாதம் ஒன்றாக ஒன்பது வருடம்
தபாலில் வந்திறங்கியவை. நூற்றி நான்கு.
(தபால்காரர்கள் வேலைநிறுத்தத்தில் நான்கு தவறின.)
தொடர் ஏழு சீசனோடு முடிந்தது.
கப்பல்கள் முடியவில்லை.

ரெய்யோ அவற்றைத் தூசி தட்டுவது
என் கன்னச் சிவப்புப் பிரஷ்ஷால்.
கேட்டு எடுத்ததில்லை. நானும் கேட்டதில்லை.

கோளையே கட்டி இழுக்கும் தாய்க்கப்பலும்
ஓர் ஆள் முழங்கால் மடக்கிப் படுக்கும் உயிர்காப்புப் படகும்
என் உள்ளங்கையில் ஒரே நீளம்.
பெட்டி எல்லாவற்றுக்கும் ஒன்றுதானே.
அடியில் கடுகெழுத்தில்:
விகிதப்படி அல்ல.

ஒற்றையா, இரட்டையா என்றான்.
பூட்ஸைக் கழற்றவில்லை; மேசையடியில்
பனி உருகிக் குளம் கட்டியது.
இரட்டை என்றேன். முகம் மாறியது.
நாற்பதும் நாற்பத்தொன்றும் ஜோடியாகவே பறப்பவையாம்.
சரி, இரண்டையும் வைத்துக்கொள்,
எதிரிப் படையில் ஒன்றைக் கொடு.
பத்தரை வரை இப்படியே போனது
சமாதானப் பேச்சுவார்த்தை.
வீட்டை நான்கு நிமிடத்தில் பிரித்தவர்கள் நாங்கள்.

உண்மையில் ஐந்தாம் சீசனுக்குப் பிறகு
நான் பார்க்கவே இல்லை.
அவன் தோளில் தூங்கிப்போவேன்.
எந்தக் கப்பல் வருகிறதென்று
கண் திறக்காமல் உறுமலிலேயே தெரியும்.
இதை அவனிடம் சொன்னதில்லை.

அறுபத்திரண்டு: அந்தப் படகு. என் பங்கு.
திரையில் அது வந்தது நான்கே நொடி.
உள்ளே யார் என்று எந்த எபிசோடும் சொல்லவில்லை.
சமையல்காரர் என்பான் ரெய்யோ.
காலிப் படகு, யாரோ கைதவறிப்
பொத்தானை அழுத்திவிட்டார்கள் என்பேன் நான்.
எங்கள் சண்டைகளில் இது ஒன்றில்தான்
இருவரும் சிரித்திருக்கிறோம்.

நான் டேப் தேடிக் குனிந்தபோது
அது அவன் கோட்டுப் பைக்குள் போனது.
டேப் என் கையில்தான் இருந்தது.
இன்னும் கொஞ்சம் தேடினேன்.

அல்கோமா தெரு முனையில்
சிவப்பு விளக்குக்கு நின்றது அவன் டிரக்.
ஜன்னலில் கைவைத்துப் பார்த்தேன்:
உள்ளங்கை நீளம்.

பட்டியலில் அறுபத்திரண்டுக்கு எதிரே
பெற்றுக்கொண்டேன் என்று எழுதி
ஒடெட் லஹ்தினென் எனக் கையெழுத்திட்டேன்.
பெயர் மாற்றும் காகிதம்
இன்னும் வந்து சேரவில்லை.