முப்பது நிமிட இருட்டு

மல்லேஸ்வரம் மார்க்கெட்டில் அவள் ஒந்தெலகா என்றாள்.
வல்லாரை என்று வாங்கினேன்.
புட்டியில் இப்போது மாதிரி 14.

உலர்த்தி, பொடித்து,
மெத்தனாலில் ஆறு மணி நேரம்.
நிறைந்து சரிந்து, நிறைந்து சரிந்து
பச்சை முழுதும் கீழிறங்கியது.
நடுவில் இரண்டு முறை கரண்ட் போனது.

கத்தரிப்பூ நிறக் கரைசலில் சில சொட்டுகள்.
இனி அரைமணி
வெளிச்சம் படக் கூடாது.
விளக்கை அணைத்து நானும் உள்ளேயே உட்கார்ந்தேன்.
திரை ஒளிரும் என்பதால்
புகழேந்தியின் அழைப்பை எடுக்கவில்லை.
காரணம் அதுதான் என்று வைத்துக்கொள்வோம்.

பதினோரு குழாய்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மஞ்சள்.
ஒன்றும் சேர்க்காத பன்னிரண்டாவது
அப்படியே ஊதாவாக,
யாரிடமும் எதுவும் வாங்காமல்.

அதன் எண்ணைத்தான் முதலில் குறித்தேன்.
கணக்கு அதிலிருந்துதான் தொடங்கும்.