நான்காவது பத்தி

காலை ஐந்தே கால். ப்ர்னோ.
டிக்கியை இரண்டாம் முறையாகக் கலைத்து அடுக்குகிறான் இவோ.
நீச்சல் துண்டுகள், காப்பிக் குடுவை, செர்ரிக் கூடை,
இரண்டு ஐஸ் பெட்டிகள்.
போன வருடம் வரை ஒன்றுதான்.

ரதிமும் ஸ்டென்காவும் கையெழுத்துப் போட்டுப் பிரிந்தது மார்ச்சில்.
பிரானில் அறைக்கு முன்பணம் கட்டியது ஜனவரியில்.
பணம் திரும்ப வராதாம்.
"நான் வருவேன், பிடிக்காவிட்டால் அவள் நின்றுகொள்ளட்டும்"
என்றான் தொலைபேசியில்.
இதையே
ஒரு சொல் மட்டும் மாற்றி அவளும் சொன்னாள்.
ஆக, இருவரும் வந்துவிட்டார்கள்.

செலவு நோட்டு எப்போதும் என்னிடம்.
பதினோரு கோடைகளாக அதில் மூன்றே பத்திகள்:
இவோ, நான், அவர்கள்.
எல்லைக்கு முன்னால் மிகுலோவ் பங்க்கில்
டீசல் ஏறிக்கொண்டிருந்தபோது
சீப்பின் முதுகை வைத்து
நான்காவது கோடு கிழித்தேன்.
பின்னால் பார்க்கும் கண்ணாடியில் ரதிம் அதைப் பார்த்தான்.
ஏறி உட்கார்ந்து வைப்பரைப் போட்டான்.
மழை இல்லை.

கார் அவனுக்கு என்று தீர்ப்பு.
முன்கண்ணாடியின் மூலையில் ஆஸ்திரியச் சுங்க ஒட்டுகள்,
வருடத்துக்கு ஒரு நிறம்,
ஒன்றைக்கூட அவன் சுரண்டவில்லை.
குமிழி விழாமல் நகத்தால் நீவி ஒட்டுவது அவள் வேலை.
இந்த வருடத்தது கோணல்.

கிராஸ் தாண்டினால் சுரங்கங்கள்.
ஒவ்வொன்றுக்குள்ளும் வானொலி செத்து
மறுபக்கம் இன்னொரு குரலில் பிழைத்தது.
இவோ பேசிக்கொண்டே வந்தான்.
பல் கட்டுகிறவன் அவன்,
மௌனத்தைக் கண்டால் சொத்தைப் பல்லைக் கண்ட மாதிரி
உடனே அடைத்தாக வேண்டும்.

த்ரோயானேயில் டோனட்.
ஒவ்வொன்றும் குழந்தைத் தலையணை பெரிது.
நால்வருக்கு ஐந்து வாங்கிவிட்டேன், கை பழக்கம்.
ஐந்தாவது எப்போதும்
அவர்கள் இருவரும் பிய்த்துக்கொள்வது.
பெட்டிக்குள் தனியாகக் கிடந்து
வழியெல்லாம் சர்க்கரை உதிர்த்தது.

பிவ்காவுக்குப் பக்கத்தில், இருட்டும் நேரம்,
கால் நீட்ட நிறுத்தினோம். திரும்பி வந்தால் கார் எழவில்லை.
விளக்கை அணைக்காமல் விட்டது யார்
என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள்.
அன்றைய முதல் உரையாடல்.

நாற்பது தேன்பெட்டிகளோடு ஒரு லாரி வந்து நின்றது.
மஞ்சள், நீலம், இன்னொரு மஞ்சள்.
செஸ்ட்நட் பூத்த மலைக்குப் போகிறதாம்.
லோய்சே என்றார் ஓட்டியவர். அவர் மொழி
எங்களுடையதற்கு ஒன்றுவிட்ட சகோதரி,
பாதி புரிந்தது, பாதியைக் கையால் சொன்னார்:
எஞ்சினை அணைக்க மாட்டேன்,
அதிர்வு நின்றால்
பதினெட்டு லட்சம் பேர் விழித்துக்கொள்வார்கள்.

கேபிள் எங்கே என்று ரதிம் தேடுவதற்குள்
உபரிச் சக்கரத்துக்கு அடியிலிருந்து
பார்க்காமலே உருவினாள் ஸ்டென்கா.
சிவப்பு அவன் கையில். கறுப்பு அவள் கையில்.
உறுமியது லாரியா தேனீக்களா தெரியவில்லை,
என் உள்ளங்கால்வரை வந்தது.

கார் எழுந்தது.
காசு வாங்க மறுத்தவர் டோனட்டை மறுக்கவில்லை.
நின்றபடியே முழுசாகத் தின்றார்,
மீசையெல்லாம் வெள்ளை.
அந்தச் சமயத்தில் பெட்டி இடுக்கில் தப்பிய ஒருத்தி
நன்றி சொல்லிக்கொண்டிருந்த இவோவை
கீழுதட்டில் கொட்டினாள்.

மிச்ச எழுபது கிலோமீட்டர் அவனால் பேச முடியவில்லை.
சாலை காருக்குள்ளே கேட்டது.
"நாய் சாப்பிடுகிறதா?" என்றான் ரதிம், வெகுநேரம் கழித்து.
"உன் செருப்பைச் சாப்பிடுகிறது" என்றாள்.
"எந்தச் செருப்பு?"
"பழுப்பு."
"அது போகட்டும்."

பிரான். பத்து நாற்பது.
கடல் இன்னும் கண்ணில் படவில்லை, வாடைதான்.
டிக்கி விளக்கில் நோட்டை விரித்து எழுதினேன்:
பேட்டரி. ஒரு டோனட், ஓர் உதடு.
எந்தப் பத்தி என்று குறிக்கவில்லை.

இவோவின் உதட்டுக்கு ஐஸ் வேண்டும் என்றாள்.
அவன் தன் பெட்டியைத் திறந்தான், அவள் தன்னுடையதை.
இரண்டிலும் தண்ணீர்.