பதினேழாம் துண்டு

ஹெளகசுண்டில் மழை. செவ்வாய்க்கிழமை.
உருளைக்குள் ஆர்கானை ஏற்றிக்கொண்டிருக்கிறாள் சுல்ஃப்ரித்.
நாற்பது பார். ஐம்பது.
கதவின் மரையாணி ஒவ்வொன்றும்
குழந்தை முழங்கை பருமன்.

உள்ளே ஆளில்லை.
முன்னெல்லாம் இந்த மாதிரி உருளையில்
இருபத்தெட்டு நாள் கிடப்பான் ஆஸ்கெய்ர்.
ஹீலியம் அவன் குரலை வாத்தாக்கும்,
தொலைபேசியில் அவள் சிரித்துச் சிரித்து
சொல்ல வந்ததை மறப்பாள்.
இப்போது வெளியே நிற்கிறான், காபியோடு,
கண்ணாடித் துளையில் நெற்றியை ஒட்டி.
லேசர் தலையைக் காட்டி,
“இதுக்கு மூச்சு முட்டாது” என்கிறான்.
பொறாமையா என்று அவள் கேட்கவில்லை.

அறுபது.

கண்ணுக்குத் தெரியாத ஒளி விழுகிறது.
இரும்பில் ஒரு சாவித்துளை திறக்கிறது,
சுற்றிலும் உருகிய குளம், துவரம்பருப்பு அகலம்.
மேலே இரும்பின் ஆவி.
வெட்டவெளியென்றால் பறந்திருக்கும்.
இங்கே எங்கே போவது?
அழுத்தம் அதைக் குட்டையாக்கி, தடிப்பாக்கி
ஒளியின் வழியிலேயே உட்காரவைக்கிறது.
தன்னை உருக்கும் நெருப்புக்கு எதிராகத்
தானே குடை பிடிக்கிறது இரும்பு.
பக்கவாட்டில் வாயுவை ஊதி
குடையைச் சாய்க்கிறாள்.
பதினோரு நொடி.

எண்ணெய்க் கம்பெனிக்காரர் தடவிப் பார்த்தார்.
மீன்செதில் வரிசை, அழகுதான்.
“மூணு கிலோமீட்டர் ஆழத்துக்கு இதுதான் வேணும்.”
இரவு விருந்துக்கு மேசை சொல்லியாகிவிட்டது.

மதியம் அறுத்தாள். தேய்த்தாள்.
அமிலத்தில் ஐந்து நொடி.
நுண்ணோக்கியில், வேர்ப்பக்கம், ஒரு புள்ளி.
கல்லுக்குள் தேரை கேட்டிருக்கிறோம்.
இது இரும்புக்குள் மூச்சு.
ஆறியபின் அறுபதில் மிஞ்சிய சொச்சம்
ரம்பப் பல் தொடும்வரை உள்ளே இருந்திருக்கும்.
திறந்தபோது சீறியிருக்கும்,
ஏதாவது எறும்புக்குக் கேட்டிருக்கலாம்.

ஆஸ்கெய்ர் குனிந்து பார்த்தான்.
நெடுநேரம் பார்த்தான்.

“கிணற்று வாய்க்குழாயில் எனக்கும் ஒண்ணு இருக்கு.
நூத்தி நாப்பது மீட்டர்ல.
எக்ஸ்ரே எடுத்தாங்க. யாரும் பாக்கல.”

“எந்த வருஷம்?”

சொன்னான்.
அவள் கணக்குப் போட்டாள். மகள் பிறந்த வாரம்.

மழை தகரத்தில் கொட்டியது.
படிவத்தில் எழுதினாள்:
பதினேழு, நிராகரிப்பு, காரணம் துளை.
அவன் சொன்னதற்கு
அந்தத் தாளில் கட்டம் எதுவும் இல்லை.
மேசையை ரத்துசெய்யத் தொலைபேசியை எடுத்தவள்
எண்ணை அழுத்தாமல்
கையிலேயே வைத்திருந்தாள்.