மிதவை எண் ஏழு

ஃபஹாஹீலில் இரவு முழுதாக இருட்டுவதில்லை.
ஆலையின் தீக்கொழுந்து
குளியலறைச் சன்னலில் ஒரு செம்மையை ஒட்டிவைத்திருக்கிறது.
அந்த வெளிச்சத்தில்தான் பல் துலக்குகிறேன்.
விளக்கைப் போட்டால் மற்ற மூவரும் விழித்துக்கொள்வார்கள்.

நான் கடலுக்குக் காய்ச்சல் பார்க்கிறவள்.
ஐஸ் பெட்டி, பன்னிரண்டு குப்பி,
கயிற்றில் கட்டிய வெப்பமானி.
ஆலை கடலைக் குடித்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும்,
குடித்ததைச் சூடாகத் திருப்பித் தரும்.
எவ்வளவு சூடு என்பதற்கு வரம்பு உண்டு,
வரம்புக்குக் கீழே ஒரு கையெழுத்து உண்டு:
எஸ்தர் வடிவு, பகுப்பாய்வாளர், நிலை இரண்டு.

படகு சேசுராசன் அண்ணன் ஓட்டுவது.
மூக்கையூர்க்காரர். படகு அரபி முதலாளியுடையது.
"ஜுபைதிக்கு வலை போட்டா டீசலுக்கே கட்டாது வடிவு,
செத்த மீனை எண்ண வந்தா நாளுக்குப் பதினஞ்சு தினார்."
சிரித்தார். நானும் சிரித்தேன்.
வலை கிடந்த இடத்தில்
என் ஐஸ் பெட்டி.

ஜூலையில் ஏழாம் மிதவை நாற்பத்தொன்று காட்டியது.
மூன்று முறை இறக்கினேன்.
நாற்பத்தொன்று.
நாற்பத்தொன்று.
நாற்பத்தொன்று புள்ளி இரண்டு.
கையை விட்டுப் பார்த்தேன்:
பிள்ளைக்கு ஊற்றப் பதம் பார்த்த வெந்நீர்.
சுற்றிலும் மடவைகள் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன,
யாரோ சில்லறையைக் கொட்டிவிட்டுப்
பொறுக்காமல் போனதுபோல.

அந்த வாரம் மெஸ் டிவியில் பேரல் விலை சரிந்துகொண்டிருந்தது.
எங்களுக்கு அது வானிலை அறிக்கை.
எழுபதுக்கு மேலே என்றால் ஆட்டிறைச்சி, ஓவர்டைம்.
ஐம்பத்தைந்தில் பருப்பு.
ஐம்பதுக்குக் கீழே
தட்டுகள் குறையும்.
மாரிடெஸ் போனாள், ரைஸ் குக்கரை எனக்கு விட்டுவிட்டு.
அதன் மூடியில் அவள் பெயர் ஒட்டியிருக்கிறது இன்னும்.

பொறியாளர் திட்டவில்லை. தேநீர் வரவழைத்தார்.
வரைபடத்தில் ஏழை விரலால் அழுத்தி
கேரம் காய்போல நகர்த்தினார்,
முந்நூற்றைம்பது மீட்டர், கிழக்கே.
விட்ட இடத்துக்குக் கலப்பு மண்டலம் என்று பெயராம்.
அதற்குள் நடப்பது கணக்கில் சேராதாம்.
"உங்கள் ஒப்பந்தமும் இந்த மாதம்தானே முடிகிறது" என்றார்,
சர்க்கரை வேண்டுமா என்று கேட்கிற குரலில்.

திங்களன்று கிரேன் படகு வந்தது.
மிதவையைத் தூக்கியபோது
அடியில் கொத்தாகச் சிப்பிகள்,
எல்லாம் வாய் திறந்து,
எதுவும் சொல்லாமல்.
வியாழனன்று முப்பத்தாறு புள்ளி நான்கு.
பொய் இல்லை. அந்த இடத்தில் அதுதான் சூடு.
கையெழுத்திட்டேன்.
கடல் அசையவில்லை, மிதவைதான் அசைந்தது.

இரண்டு வருடம் நீட்டித்தார்கள்.
அந்தக் காசில் தம்பி லோடு ஆட்டோ எடுத்தான்.
பேரல் எண்பதைத் தொட்ட அன்று,
இங்கே தட்டில் இறைச்சி திரும்பிய அன்று,
போன் போட்டுக் கத்தினான்:
"டீசல் என்ன விலை தெரியுமா? அங்கே உட்கார்ந்து
நீங்கதானே தோண்டுறீங்க!"
மென்றுகொண்டிருந்தேன். பதில் சொல்லவில்லை.

இப்போதும் பழைய இடம் வந்தால்
அண்ணன் இஞ்சின் வேகத்தைக் குறைக்கிறார்.
நான் கேட்டதில்லை, அவர் சொன்னதில்லை.
வெப்பமானியை இறக்குகிறேன்.
பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை,
அதனால் போனில் 'பழைய ஏழு' என்று ஒரு பெயர் சேமித்து
எண் வரும் இடத்தில்
வியாழன்தோறும் இரண்டு இலக்கம் கூட்டுகிறேன்.
4140424143
அப்படியே நீள்கிறது.

நேற்றுப் பேருந்தில் கைதவறி அதில் பட்டுவிட்டது.
காதில் வைத்தேன்.
அரபியில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை,
மிகவும் மரியாதையாக ஒருத்தி சொன்னாள்:
இந்த எண் தவறானது,
சரிபார்த்துக்கொள்ளவும்.